பாட்டில் தண்ணீரில் ஏறி இறங்கிய மூச்சு

நோயாளிக்கு வயது 23. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் வேலை. உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் பறிக்கும் மல்லிகையை வேனில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் பொறுப்பு. உயரம் 6 அடி 1 அங்குலம், எடை 55 கிலோ. பதினேழு வயதில் ஆரம்பித்த சிகரெட், இப்போது நாளைக்கு ஆறேழு ஆகியிருந்தது. ஆஸ்துமாவோ காசநோயோ இதுவரை வந்ததில்லை. அவருடைய சம்மதத்தோடு, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

நெஞ்சக நோய் மருத்துவர்களுக்கு இது அபூர்வமான நோய் இல்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. நுரையீரல் காற்றை இழுக்கிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். நுரையீரலுக்கு இழுக்கும் சக்தி கிடையாது. இன்னொன்று அதை இழுக்கிறது. அந்த இழுவை அறுந்து போனால் என்ன ஆகும் என்பதை இந்தத் தம்பியின் கட்டிலுக்கு அடியில் இருந்த ஒரு கண்ணாடி பாட்டில் ஐந்து நாள் காட்டிக்கொண்டே இருந்தது.

வாய்வு என்று கழிந்த நாட்கள்

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணி. பூ மூட்டை வந்து சேரட்டும் என்று வேனில் சாய்ந்து உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மூட்டை தூக்கவில்லை, ஓடவில்லை, இருமக்கூட இல்லை. வலது மார்பில் திடீரென்று ஒரு குத்து. “ஊசியை உள்ள விட்டுத் திருகுன மாதிரி இருந்துச்சு சார். மூச்சை இழுத்தா உசுரே போயிரும் போல வலி” என்றார். கொஞ்ச நேரத்தில் வலி தோள்பட்டைக்கும் ஏறியிருக்கிறது.

வேன் டிரைவர் பார்த்தவுடன் வாய்வு என்று சொல்லிவிட்டார். உப்பு போட்ட எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டில் அம்மா மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்து, தைலம் தேய்த்து விட்டார். மறுநாள் ஒரு கிளினிக்கில் இசிஜி எடுத்தார்கள். அது சரியாக இருந்தது. வாய்வுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கேட்டார்களா என்று விசாரித்தேன். “இல்ல சார், சட்டைக்கு மேலயே வச்சுப் பார்த்தாங்க, முன்னாடி மட்டும்” என்றார்.

செவ்வாய் ராத்திரி வலி நன்றாகக் குறைந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நுரையீரல் சதைக்கு வலி தெரியாது. அதன்மேல் ஒட்டியிருக்கும் உள் உறைக்கும் தெரியாது. மார்புச் சுவரின் உட்புறத்தை மூடியிருக்கும் வெளி உறைக்குத்தான் வலி தெரியும். இந்த நோயில் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி தானாகத் தணிந்துவிடும், நுரையீரல் சுருங்கிக் கிடந்தாலும் கூட. வலி போய்விட்டது என்பதை நோய் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவோம். தைலமும் ஊசியும் வேலை செய்ததாக இந்தக் குடும்பம் நம்பியதில் தவறே இல்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

புதன்கிழமை மாடிப்படி ஏறும்போது இளைத்தது. தினமும் தூக்குகிற மூட்டையைப் பாதி தூரம் கூடத் தூக்க முடியவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்தார்.

தட்டிப் பார்த்ததும் கேட்டதும்

நிமிஷத்துக்கு 26 மூச்சு. நாடி 108. விரலில் மாட்டிப் பார்த்ததில் ஆக்சிஜன் 93 சதவீதம். இரத்த அழுத்தம் 118/76. பேசும்போது நாலைந்து வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தினார்.

26 மூச்சு விடுகிறாரே, நிறையக் காற்றுப் போகுமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி வரும். சாதாரணமாக ஒரு மூச்சில் சுமார் 500 மில்லி காற்று உள்ளே போகிறது. அதில் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகிய பாதையிலேயே நின்றுவிடும், இரத்தத்தைத் தொடாது. மீதி 350 மில்லிதான் உபயோகம். நிமிஷத்துக்கு 14 முறை என்றால் 4.9 லிட்டர். இதையே 300 மில்லி மேல்மூச்சாக 26 முறை வாங்கினால் மொத்தம் 7.8 லிட்டர் உள்ளே போய் வந்தாலும், பாதைக்குப் போக மிஞ்சுவது 3.9 லிட்டர்தான். உழைப்பு கூடுகிறது, வரவு குறைகிறது. மேல்மூச்சு வாங்குகிறவர்கள் சீக்கிரம் களைத்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டையைக் கழற்றி, கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தேன். இடது மார்பு ஏறி இறங்கியது. வலது மார்பு ஏற்கெனவே கொஞ்சம் உப்பியிருந்தது, ஆனால் அசைவு மிகக் குறைவு. விரலால் தட்டினேன். மானாமதுரைப் பானையைக் கையில் எடுத்தவுடன் தட்டிப் பார்க்காதவர் உண்டா? கிட்டத்தட்ட அந்த ஓசை வலது பக்கம் வந்தது. இடது பக்கம் வழக்கமான அடங்கிய ஓசை. ஸ்டெதாஸ்கோப்பை இடதில் வைத்தால் காற்று போய் வரும் சத்தம் தெளிவாகக் கேட்டது. வலதில் ஒன்றுமே இல்லை. தட்டினால் கணீர் என்று ஒலிக்கிறது, கேட்டால் மௌனம். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எக்ஸ்ரேக்கு முன்னாலேயே பாதி முடிவு செய்துவிடலாம். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லேனக் 1819லேயே இந்த நோயின் அறிகுறிகளை விவரித்துவிட்டார். இருநூறு வருஷம் ஆகியும் அதற்கு வேண்டியது சட்டையைக் கழற்றுவதும், இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுக் கேட்பதும்தான்.

தொண்டைக் குழியில் மூச்சுக்குழாய் நடுவில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தேன். நடுவில்தான் இருந்தது, கழுத்து நரம்பும் புடைக்கவில்லை. ஒரு பக்கமாகத் தள்ளிப்போய், இரத்த அழுத்தமும் விழுந்திருந்தால் எக்ஸ்ரேக்குக் காத்திருக்கவே கூடாது. உடனே ஊசி குத்திக் காற்றை வெளியே விட வேண்டும். உள்ளே போகும் காற்று ஒருவழிக் கதவில் மாட்டியது போல வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போய் இதயத்தை நெருக்கும் நிலை அது. நிமிஷங்களில் ஆள் போய்விடுவார்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் ஓரம் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கோட்டுக்கு வெளியே வெறும் கறுப்பு. நியூமோதோராக்ஸ், அதாவது நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவில் காற்று சேர்ந்துவிட்டது. வலது பக்கக் கூட்டின் குறுக்களவு 10 சென்டிமீட்டர், சுருங்கிய நுரையீரலின் குறுக்களவு 7 சென்டிமீட்டர். படத்தைப் பார்த்த அப்பா, “முக்கால்வாசி நல்லாத்தானே சார் இருக்கு?” என்றார். படம் தட்டையானது, நுரையீரல் கனமுள்ளது. ஏழை மும்முறை பெருக்கினால் 343, பத்தை மும்முறை பெருக்கினால் 1000. ஆக மிஞ்சியிருந்த நுரையீரல் மூன்றில் ஒரு பங்குதான். மீதி 65 சதவீத இடத்தை வேண்டாத காற்று பிடித்திருந்தது.

அப்பாவுக்கு இன்னொரு பயம். குரலைத் தாழ்த்தி, “தோப்பூருக்கு அனுப்பிருவீங்களா?” என்று கேட்டார். மதுரைப் பக்கத்தில் பெரியவர்கள் பலருக்கு நெஞ்சு வியாதி என்றாலே தோப்பூர் காசநோய் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். நம் நாட்டில் காசநோயால் நுரையீரல் ஓட்டையாகி இப்படி ஆவதும் சகஜம் என்பதால் அவர் பயத்துக்கு அர்த்தம் உண்டு. சளியைச் சோதித்தோம், காசநோய் இல்லை. இருந்திருந்தாலும் இப்போது வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிடலாம் என்று சொன்னேன். அதை உலகத்துக்கு நிரூபித்ததே 1956ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சிதான்.

கூடு இழுக்கிறது, நுரையீரல் கூடப் போகிறது

அம்மா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி: “நுரையீரல் சுருங்கிப் போச்சுங்கிறீங்க, அது ஏன் தானா விரிய மாட்டேங்குது?”

மார்பை ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் விலா எலும்பு, அடியில் உதரவிதானம். உதரவிதானம் கவிழ்த்த சட்டி போல வளைந்த தசை. அது சுருங்கும்போது வளைவு தட்டையாகிக் கீழே இறங்கும். சாதாரண மூச்சில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர், ஆழ்ந்து இழுத்தால் பத்து சென்டிமீட்டர் வரை. அதே நேரத்தில் மேல் விலா எலும்புகள் அடிபம்பின் கைப்பிடி மாதிரி முன்பக்கம் உயரும். கீழ் விலா எலும்புகள் வாளியின் பிடியைத் தூக்குவது போலப் பக்கவாட்டில் விரியும். பெட்டி பெரிதாகிறது. இடம் பெரிதானால் உள்ளே காற்றின் அழுத்தம் குறையும் என்று ராபர்ட் பாயில் 1662ல் சொன்ன விதிப்படி, வெளிக்காற்று தானாக உள்ளே வருகிறது. கொல்லன் பட்டறைத் துருத்தியும் இப்படித்தான் காற்று வாங்குகிறது. கை விரிக்கிறது, தோல் கூடப் போகிறது.

இதற்கு எவ்வளவு இழுவை வேண்டும் என்று தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது நீர் ஒரு 15 சென்டிமீட்டராவது மேலே ஏற வேண்டும். அமைதியாக மூச்சு விடும்போது நுரையீரலின் நுண்ணறைகளுக்குள் உண்டாகும் இழுவை ஒரே ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்தான். அதிலேயே அரை லிட்டர் காற்று வந்துவிடுகிறது.

சரி, பெட்டி விரிந்தால் நுரையீரல் ஏன் கூடப் போக வேண்டும்? இரண்டையும் எதுவும் தைத்து வைக்கவில்லை. சுவரின் உட்புறம் ஓர் உறை, நுரையீரலின் மேல் ஓர் உறை, நடுவில் சில மில்லி திரவம். அவ்வளவுதான். பூக்கடைக்காரர் வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதாக இருந்தது. பூக்கட்டும் வாழையிலை நனைந்திருக்கும்போது இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். ஒன்றை மற்றதன்மேல் வழுக்கி நகர்த்தலாம், ஆனால் நேராகத் தூக்கினால் பிரியாது. உறைகளும் அப்படியே வழுக்குகின்றன, பிரிவதில்லை.

இந்த ஒட்டுதலுக்கு எதிராக இரண்டு பக்கமும் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. நுரையீரலுக்கு எப்போதும் சுருங்கத்தான் ஆசை. பாதி காரணம் அதில் உள்ள ரப்பர் போன்ற இழைகள். பாதிக்கும் மேல் காரணம் நுண்ணறைகளின் உட்புற ஈரம். ஈரப் பரப்பு தன்னைத் தானே சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்தச் சுருக்கத்தை மட்டுப்படுத்த நுரையீரல் ஒரு வழவழப்பான பொருளைச் சுரக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவது அது போதாததால்தான் என்று 1959ல் மேரி எலன் ஏவரி, ஜெரி மீட் என்ற இருவர் கண்டு சொன்னார்கள். இன்றைக்கு அந்தப் பொருளையே மருந்தாக உள்ளே விட்டுப் பச்சிளங் குழந்தைகளைக் காப்பாற்றுகிறார்கள். மறுபக்கம், மார்புக்கூட்டுக்கு வெளியே விரியத்தான் ஆசை. மூச்சை விட்டு முடித்து அடுத்ததை இழுக்கும் முன் ஒரு கணம் ஓய்வு வருகிறதே, அப்போது இந்த இரண்டு இழுவையும் வடம் பிடித்து இழுக்கும் இரண்டு கட்சி போலச் சமமாக நிற்கின்றன. அந்த ஈர இடைவெளிக்குள் வெளிக்காற்றை விட 5 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்கு அழுத்தம் குறைவு. மூச்சை இழுத்தால் 8 சென்டிமீட்டர் குறைவாகும்.

இதில் ஒரு துளி ஓட்டை விழுந்தால் போதும். காற்று உள்ளே பாயும், வடம் அறுந்துவிடும். நுரையீரல் தன் விருப்பப்படி சுருங்கும், கூடு தன் விருப்பப்படி விரியும். வலது மார்பு உப்பியிருந்ததும் எக்ஸ்ரேயில் அந்தப் பக்க உதரவிதானம் தாழ்ந்திருந்ததும் அதனால்தான். தம்பியின் தசைகள் அப்போதும் முழு பலத்தோடு இழுத்துக்கொண்டுதான் இருந்தன. கூடு விரிந்துகொண்டுதான் இருந்தது. பிடித்து இழுக்க மறுமுனையில் நுரையீரல் இல்லை. தோல் கிழிந்த துருத்தி மாதிரி.

ஓட்டை ஏன் விழுந்தது? நிமிர்ந்து இருக்கும்போது நுரையீரல் தன் எடையாலேயே கீழே தொங்குகிறது. அதனால் உச்சியில் இழுவை அதிகம், அடியில் குறைவு; உச்சியில் 10 சென்டிமீட்டர் என்றால் அடியில் இரண்டரைதான் இருக்கும். ஆள் உயரமாக இருந்தால் உச்சி இன்னும் அதிகமாக இழுபடும். உயரமும் ஒல்லியுமான வாலிபர்களுக்கு நுரையீரல் உச்சியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் உண்டாகி ஒருநாள் ஒன்று உடைகிறது. சிகரெட் இதைப் பல மடங்கு ஆக்குகிறது. புகைக்காத ஆண்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வரலாம் என்றால், புகைக்கும் ஆண்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு வரலாம் என்று ஸ்வீடன் கணக்கு ஒன்று உண்டு. மூட்டை தூக்கியதால் வந்தது என்று அப்பா நொந்துகொண்டிருந்தார். பெரும்பாலானோருக்கு இது சும்மா இருக்கும்போதுதான் வருகிறது. மகனை வேலைக்கு அனுப்பியது அவர் குற்றமில்லை என்று அழுத்திச் சொன்னேன்.

பாட்டில்

ஒன்றும் செய்யாமல் விட்டாலும் இந்தக் காற்றை இரத்தம் மெதுவாக உறிஞ்சிக்கொள்ளும், நாளுக்கு அந்தப் பக்கக் கொள்ளளவில் ஒன்றேகால் முதல் இரண்டு சதவீதம் வரை. அறிகுறி அதிகம் இல்லாதவர்களை அப்படியே கவனித்துக்கொண்டிருக்கலாம் என்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவர்கள் 2020ல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஆனால் இவருக்கு இளைப்பு இருந்தது, ஆக்சிஜன் குறைந்திருந்தது, காற்றும் 65 சதவீதம். ஐந்தாறு வாரம் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் மாஸ்க்கில் ஆக்சிஜன் வைத்து, ஊசி வழியாகக் காற்றை இழுத்துப் பார்த்தேன். இரண்டரை லிட்டர் வந்த பிறகும் வந்துகொண்டே இருந்தது. ஓட்டை இன்னும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். நிறுத்திவிட்டு ஐசிடி, அதாவது விலா எலும்புகளுக்கு நடுவே மார்புக்குள் ஒரு குழாய், போட முடிவு செய்தேன். அக்குளுக்குக் கீழே, ஐந்தாவது விலா இடைவெளியில், மரத்துப்போகும் மருந்து கொடுத்து, கீழ் எலும்பின் மேல்விளிம்பை ஒட்டிக் குழாய் போகும். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ்விளிம்பிலும் நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுவதால் இந்தக் கவனம். மிஷின் வைத்து உறிஞ்சவில்லை. மூன்று நாளாகச் சுருங்கியிருந்த நுரையீரலை அவசரமாக விரித்தால் அதற்குள் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. இளம் வயதினருக்கு அது இன்னும் அதிகம்.

குழாயின் மறுமுனை பாட்டில் தண்ணீருக்குள் 2 சென்டிமீட்டர் முங்கியிருக்கும். 1870களில் ஹாம்பர்க் மருத்துவர் கோட்ஹார்ட் பூலாவ், மார்பில் கட்டிய சீழை வெளியேற்றக் கையாண்ட ஏற்பாடு இது. இன்றும் இதைவிட எளிதான ஒன்று வரவில்லை. மார்புக்குள் அழுத்தம் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் காற்று குமிழியிட்டு வெளியே வரும். மூச்சை இழுக்கும்போது அது திரும்பப் போகாது. காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர்தான் குழாயில் ஏறும். ரொம்ப ஆழமாக முங்கவிட்டால் காற்றை வெளியே தள்ள நோயாளி அவ்வளவு சிரமப்பட வேண்டும். முங்காமல் விட்டால் வெளிக்காற்று நேராக உள்ளே போகும். அந்த இரண்டு சென்டிமீட்டரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மா ஸ்டூல் போட்டுப் பாட்டில் முன்னால் உட்கார்ந்துவிட்டார். மகன் மூச்சை இழுத்தால் குழாயில் தண்ணீர் ஏறியது, விட்டால் இறங்கியது, இருமினால் குமிழி குபுகுபுவென்று வந்தது. “தண்ணி மேல ஏறுதே ஐயா, நெஞ்சுக்குள்ள போயிராதா?” என்று கேட்டார். பாட்டில் நெஞ்சுக்கு ஒரு மீட்டர் கீழே இருக்கும் வரை போகாது. சாதாரண மூச்சின் இழுவை சில சென்டிமீட்டர்தான், திணறி இழுத்தாலும் அவ்வளவு உயரம் எட்டாது. “அப்ப இதைத் தூக்கவே கூடாது” என்று அவரே முடிவுக்கு வந்தார்.

மறுநாள் எக்ஸ்ரே எடுக்க ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது உதவிக்கு வந்த பையன் பாட்டிலை எடுத்து நோயாளியின் வயிற்றின்மேல் வைத்துவிட்டான். மூச்சை இழுத்தவுடன் தண்ணீர் விறுவிறு என்று குழாயில் ஏறியது. அம்மா போட்ட சத்தத்தில்தான் நர்ஸ் ஓடிவந்து கீழே இறக்கினார். தண்ணீர் உள்ளே போகவில்லை. இதில் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எங்கள் வார்டில் நான் உட்பட. அன்றைக்கே வேலைக்கு வருகிற எல்லோரையும் நிறுத்தி, பாட்டில் எப்போதும் மார்புக்குக் கீழே, குமிழி வரும் குழாயை எக்காரணத்துக்கும் கிளிப் போட்டு அடைக்கக் கூடாது என்று விளக்கினேன். அடைத்தால் ஓட்டை வழியே வரும் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல், முன்னால் சொன்ன அந்த நிமிஷக்கணக்கு நிலை வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை குமிழி குறைந்தது, சனிக்கிழமை மதியம் நின்றது. இருமச் சொன்னாலும் வரவில்லை. ஓட்டை மூடிக்கொண்டது. தண்ணீர் மட்டும் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை ராத்திரி அப்பா போன் செய்தார், சந்தோஷமான குரலில்: “சார், தண்ணி ஆட்டமும் நின்னுருச்சு. சரியாயிருச்சுல்ல?”

தண்ணீர் ஆட்டம் நிற்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். நுரையீரல் முழுசாக விரிந்து குழாயின் வாயை ஒட்டிக்கொண்டால் நிற்கும். அது நல்ல செய்தி. குழாய் எங்கேயாவது மடங்கினாலோ அடைத்தாலோ அப்போதும் நிற்கும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுதான். டியூட்டி நர்ஸைப் பார்க்கச் சொன்னேன். தம்பி வலது பக்கம் புரண்டு குழாயின் மேலேயே படுத்திருந்தார். நிமிர்த்திப் படுக்க வைத்ததும் தண்ணீர் மறுபடி ஆட ஆரம்பித்தது, முன்பை விடக் கொஞ்சம் சிறியதாக. அந்தச் சிறிய ஆட்டம்தான் எனக்கு உண்மையில் நம்பிக்கை தந்தது. நுரையீரல் விரிய விரிய ஆட்டம் இப்படித்தான் சுருங்கும்.

திங்கட்கிழமை எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடு காணவில்லை. நுரையீரல் சுவர் வரை வந்து சேர்ந்திருந்தது. மூச்சை முழுவதும் விடச் சொல்லி, அந்த ஓய்வுக் கணத்தில் குழாயை உருவித் தையலை இறுக்கினோம். மூச்சை இழுக்கும் நேரத்தில் உருவினால் அந்தத் துளை வழியாகவே காற்று உள்ளே போய்விடும்.

வீட்டுக்குப் போகும் முன்

ஸ்கேன் எடுக்கவில்லை. முதல் முறை வந்தவருக்கு, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்போது, அதனால் சிகிச்சை மாறப்போவதில்லை. ஆனால் திரும்பி வரலாம் என்பதை மறைக்காமல் சொன்னேன். சுமார் மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது, அதிலும் பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள். அப்படி வந்தால் உறைகள் இரண்டையும் ஒன்றோடொன்று நிரந்தரமாக ஒட்டவைக்கும் சிகிச்சை இருக்கிறது. ஒட்டிவிட்டால் மூச்சு விட முடியுமா என்று தம்பி கேட்டார். முடியும். யானைக்கு அந்த இடைவெளியே கிடையாது; இரண்டு உறையும் நாரிழைகளால் ஒட்டியே இருக்கும். உடல் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க, துதிக்கையை மட்டும் மேலே நீட்டி மூச்சு விடுகிற பிராணி அது. அவ்வளவு இழுவையை மென்மையான உறை தாங்காது என்பதால்தான் அந்த அமைப்பு என்று ஜான் வெஸ்ட் என்ற உடலியல் அறிஞர் கருதினார். இதைச் சொன்னதும் கட்டிலில் இருந்த ஆறு நாளில் முதல் தடவையாக அந்தக் குடும்பம் சிரித்தது.

அடுத்த மாதம் நண்பர்களோடு கொடைக்கானல் போவதாக இருந்தார். மறுபடி ஓர் எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் என்றேன். அங்கே 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. மார்பில் மிச்சம் மீதி காற்று இருந்தால் அது கால் பங்குக்கும் மேல் விரியும். விமானத்தில் கேபினுக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறத்தாழ அதே அளவுதான், இன்னும் கொஞ்சம் குறையலாம். நுரையீரல் முழுசாக விரிந்துவிட்டது என்று எக்ஸ்ரேயில் உறுதியாகி ஒரு வாரமாவது போன பிறகே விமானம். சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது, ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை செய்யாதவரை, எப்போதும் கூடாது. சிகரெட்டைப் பற்றிப் பாட்டிலைக் காட்டியே பேசினேன். நெஞ்சுக்குள் நடப்பதை ஐந்து நாள் கண்ணால் பார்த்தவரிடம் நிறையச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து வந்தார். எக்ஸ்ரே சுத்தம், ஆக்சிஜன் 98. கொடைக்கானலுக்கு அனுமதி கொடுத்தேன். சிகரெட் நாளைக்கு ஒன்று என்று உண்மையைச் சொன்னார். மூன்றாவது மாதம் வந்தபோது அதுவும் இல்லை என்றார், அம்மாவும் தலையாட்டினார். அன்றைக்குத் தம்பியோடு அவருடைய தம்பியும் வந்திருந்தான். பத்தொன்பது வயது, அண்ணனை விட ஓர் அங்குலம் உயரம், அதே ஒல்லி. சில குடும்பங்களில் இது வழிவழியாக வருவதுண்டு என்று நான் முன்பு சொல்லியிருந்ததை அண்ணன் மறக்கவில்லை. “இவனுக்கும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க சார். சட்டையைக் கழட்டுடா” என்றார்.

முன்பக்கம், பின்பக்கம், வலது, இடது என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காற்று போய் வந்தது.